கருந்துளை பொருளா, கணக்கா? மறுப்பு வாதங்கள் பற்றிச் சில குறிப்புகள்

"கருந்துளை என்று வானத்தில் எதுவும் கிடையாது. அது ஐன்ஸ்டைன் சமன்பாட்டின் ஒரு தீர்வு, அவ்வளவுதான். கணக்கில் வருவதெல்லாம் உலகத்தில் இருந்தாக வேண்டுமா?" கொஞ்ச நாளாக இந்த வாதத்தை வெவ்வேறு ஆட்கள் வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓசூர் சிப்காட்டில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி இதையே இன்னும் சுருக்கமாகக் கேட்டான்: "யாராச்சும் தொட்டுப் பாத்திருக்காங்களாண்ணா?"

நல்ல கேள்வி. இதைக் கிண்டல் பண்ணி ஒதுக்கும் அறிவியல் கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஏனென்றால் இதே கேள்வியைக் கேட்டவர்கள் வரிசையில் எடிங்டன் இருக்கிறார், ஐன்ஸ்டைனே இருக்கிறார். அதனால் மறுப்பு வாதங்களைக் கொஞ்சம் மரியாதையோடு எடுத்து, எது நிற்கிறது, எது விழுகிறது என்று பார்க்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு. ஆதரவாளர்கள் எழுதுவதிலும் ஓட்டை இருக்கிறது. அதையும் விடப்போவதில்லை.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். தமிழில் 'கருந்துளை' என்று நிலைத்துவிட்டது. சிலர் 'கருங்குழி' என்றும் எழுதுவதுண்டு. மதுராந்தகம் பக்கத்தில் அந்தப் பெயரில் ஓர் ஊரே இருப்பதால், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு பஸ் ஸ்டாப்தான் ஞாபகம் வந்து தொலைக்கும். எந்தப் பெயரானாலும் தொந்தரவு ஒன்றுதான். துளை என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். சட்டையில் துளை, பாத்திரத்தில் துளை. இல்லாத ஒன்றை 'பொருள்' என்று எப்படிச் சொல்வது? சந்தேகப்படுகிறவர்களில் பலர் இயற்பியலோடு சண்டை போடவில்லை, இந்தப் பெயரோடு சண்டை போடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கத்தில் வார்ப்பு வேலை தெரிந்தவர்களுக்கு 'புளோ ஹோல்' தெரியும். உருக்கிய உலோகம் உறையும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று விட்டுவைக்கிற வெற்றிடம். வெளியே பார்த்தால் பாகம் வழவழவென்று இருக்கும். அல்ட்ராசோனிக் கருவியை வைத்தால், அடிப்பக்கத்திலிருந்து வரவேண்டிய எதிரொலிக்கு முன்னாலேயே இன்னொரு எதிரொலி திரையில் எழும்பி நிற்கும். அந்த ஒரு கோட்டை வைத்துப் பாகத்தை ரிஜெக்ட் பண்ணி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். "அது வெறும் கருத்துங்க, பொருள் இல்லை" என்று இன்ஸ்பெக்டரிடம் யாரும் வாதாடுவதில்லை. ஆக, தொடாதது, பார்க்காதது, தானே ஒரு 'இல்லாமை'யாக இருப்பது, இவ்வளவும் சேர்ந்தும் ஒன்று உண்மையாக இருக்க முடியும்.

ஆனால் இந்த உதாரணத்தை ரொம்ப தூரம் இழுக்கக்கூடாது. புளோ ஹோலில் சந்தேகம் வந்தால் பாகத்தை அறுத்துப் பார்த்துவிடலாம். கருந்துளையை அறுக்க முடியாது. உள்ளே போனவர் வெளியே வந்து அறிக்கை கொடுக்கவும் முடியாது. மறுப்பவர்களின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது.

மறுப்பின் வரலாறு நம் ஊர்ப் பையன் ஒருவரை இடித்துத்தான் தொடங்குகிறது. சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-ல் பம்பாயில் கப்பலேறி இங்கிலாந்து போகும் வழியில் அந்தக் கணக்கைப் போட்டார். வயது 19. எரிந்து ஓய்ந்த விண்மீன் வெண்குள்ளனாக நிலைத்து நிற்க ஓர் உச்ச எடை உண்டு. இன்றைய மதிப்பில் அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் எடையிருந்தால் என்ன ஆகும்? 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் பேசி முடித்த கையோடு எடிங்டன் எழுந்து அந்த முடிவைப் போட்டு உடைத்தார். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், எடிங்டன் கணக்கைப் புரிந்துகொள்ளாதவர் இல்லை. அந்த விண்மீன் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒளியே வெளியேற முடியாத அளவுக்கு ஈர்ப்பு இறுகிவிடும் என்று அவரே தெளிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, இது அபத்தம், இப்படி நடக்காமல் தடுக்க இயற்கையில் ஏதாவது விதி இருந்தாக வேண்டும் என்றார். கருந்துளையைச் சரியாக வர்ணித்தவரே அதை மறுத்தவரும். 'அபத்தமாக இருக்கிறது' என்பதுதான் அவருடைய வாதத்தின் வேர். இன்றைக்கும் பாதி மறுப்புகள் இந்த இடத்தைத் தாண்டுவதில்லை.

ஐன்ஸ்டைனின் மறுப்பு இதைவிடத் தரமானது. 1939-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மையத்தைச் சுற்றி வட்டப்பாதையில் ஓடும் துகள்களின் கூட்டம் ஒன்றைக் கற்பனை செய்தார். கூட்டத்தை நெருக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் துகள்கள் ஒளியின் வேகத்தில் ஓடவேண்டி வரும். அதற்குமேல் நெருக்க முடியாது. அந்த எல்லை, ஒளி வெளியேற முடியாத ஆரத்தைப்போல் ஒன்றரை மடங்கில் இருக்கிறது. ஆகவே அந்த ஆரத்துக்குள் பொருள் போய்ச் சேர வழியே இல்லை என்று முடித்தார். கணக்கு சரி. முடிவுதான் தவறு. நிலையாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கூட்டம் அதற்குமேல் நெருங்க முடியாது என்பதுதான் நிரூபணமாகிறது. நிலைக்க முடியாமல் உள்ளே சரிந்து விழுகிற கூட்டத்தைப் பற்றி அந்தக் கணக்கு ஒன்றுமே சொல்லவில்லை. அதே 1939-ல் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் அந்தச் சரிவைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டே கல்கத்தாவின் பி. தத், தூசுக்கோளம் ஒன்று தன் ஈர்ப்பில் இயங்குவதற்கான தீர்வை ஜெர்மன் ஆய்விதழில் வெளியிட்டிருந்தார் என்பதை நம் ஆட்களே அதிகம் சொல்வதில்லை.

அந்த ஒன்றரை மடங்கு ஆரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது நம் காலத்து மறுப்புக்கு வருகிறேன். பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வானியற்பியல் பிரிவில் இருந்த அபாஸ் மித்ரா, 2000 முதல் தொடர்ந்து எழுதிவருவது இது: ஐன்ஸ்டைன் கோட்பாட்டையே ஒழுங்காகப் பின்பற்றினால் கருந்துளை உண்டாகாது. சரியும் விண்மீன் கதிர்வீச்சை வெளிவிட்டுக்கொண்டே, எல்லையை நெருங்கி நெருங்கி, ஆனால் ஒருபோதும் தாண்டாமல், முடிவில்லாமல் சரிந்துகொண்டே இருக்கும். தாண்டவேண்டுமானால் அதன் எடை பூஜ்யமாக இருக்கவேண்டும் என்பது அவர் முடிவு.

2014 ஜனவரியில் ஸ்டீபன் ஹாக்கிங் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டபோது, 'கருந்துளையே இல்லை என்று ஹாக்கிங் சொல்லிவிட்டார்' என்று உலகம் முழுக்கத் தலைப்பு. உடனே நம் பத்திரிகைகளில் 'இதை இந்திய விஞ்ஞானி எப்போதோ சொல்லிவிட்டார்' என்று செய்தி. படிக்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு தலைப்புமே தப்பு. ஹாக்கிங் மறுத்தது, 'என்றைக்குமே எதுவும் வெளியேறாத' நிரந்தர எல்லை என்ற வரையறையை. அதற்குப் பதிலாக, நெடுங்காலம் நீடித்துப் பிறகு கரைந்துபோகக்கூடிய ஒரு தற்காலிக எல்லை என்றார். வானத்தில் இருக்கும் அந்தக் கனமான இருட்டுப் பொருளை அவர் இல்லை என்று சொல்லவில்லை. மித்ரா சொல்வது வேறு. எந்த எல்லையும் உண்டாகவே உண்டாகாது என்கிறார். இரண்டையும் ஒரே பையில் போட்டது நிருபர்கள். ஒருவர் இந்தியர் என்பதால் அவர் வாதம் சரியாகிவிடாது. பெரும்பான்மை ஏற்கவில்லை என்பதால் தப்பாகவும் ஆகிவிடாது. வாதத்தைத்தான் பார்க்கவேண்டும்.

வாதத்தின் மையம் இதுதான்: எல்லையை நெருங்கும் துகளின் வேகம் ஒளியின் வேகத்தை எட்டுகிறது, எடையுள்ள துகளுக்கு அது ஆகாது, ஆகவே எல்லை உருவாகாது. கேட்கும்போது மடக்கிவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் யாரோடு ஒப்பிட்டு அந்த வேகம்? அந்த இடத்தில் அசையாமல் நிற்கும் ஒருவரோடு ஒப்பிட்டு. எல்லையில் அசையாமல் நிற்க யாராலும் முடியாது. இல்லாத ஆளை வைத்து அளந்த வேகம் அது. கூடவே விழும் இன்னொருவர் அளந்தால் வேகத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

இதை நம்ம ஊர்க் கணக்கில் சொல்லலாம். தமிழ்நாட்டு வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓசூரிலிருந்து கிளம்பினால், நெடுஞ்சாலை 44 ஜூஜூவாடியோடு முடிந்துபோகும். அதற்கப்புறம் தாளில் ஒன்றுமில்லை. ரோடு முடிந்துவிட்டது என்று யாராவது வண்டியை நிறுத்துவார்களா? ரோடு பாட்டுக்கு அத்திப்பள்ளிக்குப் போகிறது. முடிந்தது வரைபடம். 1916-ல் ஷ்வார்ஸ்சில்ட் தந்த தீர்வின் ஆயங்கள் அந்த எல்லையில் உடைந்துபோவதும் இதே மாதிரிதான். எல்லையைத் தாண்டியும் உடையாத வேறு வரைபடம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், 1924-லேயே அதை எழுதி வைத்தவர் எடிங்டன். தான் எழுதியதன் அர்த்தத்தை அவர் கவனிக்கவில்லை. 1958-ல் ஃபிங்கெல்ஸ்டைன்தான் அதை எடுத்து, எல்லையில் எந்த உடைசலும் இல்லை, அது ஒருவழிப் பாதை மட்டுமே என்று காட்டினார். தூங்கிக்கொண்டே பஸ்ஸில் பெங்களூரு போகிறவருக்கு மாநில எல்லை தாண்டியது தெரியாது; விழுகிறவருக்கும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், மாநில எல்லை சட்டத்தால் போட்ட கோடு, சாயங்காலம் திரும்பி வந்துவிடலாம்.

இன்னொரு வாதம் கொஞ்சம் பிடிவாதமானது. 'சரி, விழுகிறவர் தாண்டட்டும். வெளியே இருக்கும் நமக்கு அது தெரியவே தெரியாதே? நம் கடிகாரப்படி விண்மீன் எல்லையில் உறைந்து நிற்கிறது. அப்படியென்றால் நம் உலகத்தில் கருந்துளை இன்னும் உண்டாகவே இல்லை.' சோவியத் இயற்பியலாளர்கள் ஒரு காலத்தில் 'உறைந்த விண்மீன்' என்றே இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வார்த்தையளவில் இந்த வாதத்தைத் தோற்கடிப்பது கஷ்டம். எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு மெலிந்தது என்று புரியும். சரியும் விண்மீனிலிருந்து வரும் ஒளி அடுக்கேற்ற வேகத்தில் சிவப்பாகி மங்குகிறது. பத்துச் சூரிய எடை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 0.2 மில்லி விநாடிக்கும் ஒளியின் அலைநீளம் சுமார் 2.7 மடங்கு நீள்கிறது. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் இது ஐம்பது முறை நடந்துவிடும். அலைநீளம் 1-க்குப் பக்கத்தில் 21 பூஜ்யம் போட்ட அளவு பெருகியிருக்கும். கண் இமைக்கும் நேரத்தில் எந்தக் கருவிக்கும் எட்டாத இருட்டு. 'உறைந்து நிற்கிறது' என்ற சொல் ஏதோ தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு கோளத்தைக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. காட்டுவதற்கு அங்கே வெளிச்சமே மிச்சமில்லை. இந்த 'இன்னும் உண்டாகாத' பொருளுக்கும் உண்டான கருந்துளைக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் காண முடியாது என்றால், வாதம் சொல்லைப் பற்றியதாகிவிடுகிறது.

போதும், வாதங்களை விட்டு வானத்துக்கு வருவோம். நம் பால்வீதியின் நடுவில் எஸ்2 என்ற விண்மீன் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை 16 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றிவருகிறது. 2018 மே மாதம் மிக அருகில் வந்தபோது விநாடிக்குச் சுமார் 7,650 கிலோமீட்டர் வேகம். சுற்றப்படுவதன் எடை ஏறக்குறைய 43 லட்சம் சூரியன்கள். இதற்காக 2020-ல் கென்ஸலுக்கும் கெஸ்ஸுக்கும் நோபல். அந்தப் பரிசின் மறுபாதி பென்ரோஸுக்குப் போனது. அவருடைய 1965 தேற்றம் நிற்பது கல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி 1955-ல் தந்த சமன்பாட்டின் மேல். ஆனால் ஒன்று. எஸ்2 நெருங்கி வந்த தூரமே சுமார் 1,800 கோடி கிலோமீட்டர். அந்த எடைக்கான கருந்துளையின் ஆரம் 1.3 கோடி கிலோமீட்டருக்கும் குறைவு. நடுவில் நிறைய இடம் இருக்கிறது. 'அங்கே வேறு ஏதாவது இருக்கலாமே' என்று ஒருவர் கேட்டால், எஸ்2-வை மட்டும் வைத்து அவர் வாயை அடைக்க முடியாது.

அடுத்த படியைப் போட்டவர்களில் முக்கியமானவர் ரமேஷ் நாராயண். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்து, பிறகு ஹார்வர்டு போனவர். அவர் கேட்ட கேள்வி, நம் தம்பி கேட்டதன் இன்னொரு வடிவம்: அதற்குத் தரை இருக்கிறதா? நியூட்ரான் விண்மீனுக்குத் தரை உண்டு. பக்கத்து விண்மீனிலிருந்து வாயு வந்து அதன்மேல் படிந்து, சேர்ந்து, திடீரென்று பற்றிக்கொள்ளும். எக்ஸ் கதிர் வெடிப்பாகத் தெரியும். கருந்துளை என்று சந்தேகிக்கப்படும் கனமான பொருள்களிலும் அதே மாதிரி வாயு விழுகிறது. வெடிப்பு மட்டும் வருவதில்லை. வாயு வரத்து குறைந்த காலத்தில் ஒப்பிட்டாலும், நியூட்ரான் விண்மீன்களைவிட இவை மிகமிக மங்கல். விழுந்த வாயுவின் சூடு எங்கே போனது? தரையில் மோதியிருந்தால் வெளிச்சமாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. மோதத் தரை இல்லை.

கச்சிதமான வாதம். ஆனால் அப்ரமோவிச், க்லூஸ்னியாக், லசோட்டா மூவரும் 2002-ல் இதற்கு ஒரு பதில் எழுதினார்கள். மூவரும் கருந்துளை ஆய்வில் ஊறியவர்கள், மறுப்பாளர்கள் இல்லை. எல்லைக்கு மயிரிழை வெளியே ஒரு தரை இருந்தால், அதிலிருந்து வரும் வெளிச்சமும் இதே அளவு மங்கித்தான் வரும். எனவே எல்லையை ஒளியால் நிரூபிக்கவே முடியாது என்றார்கள். இது சரியான கண்டிப்பு. மித்ரா போன்றவர்களின் எழுத்தைவிட இந்தச் சின்னக் கட்டுரையைத்தான் சந்தேகப்படுகிறவர்கள் முதலில் படிக்கவேண்டும் என்பேன். நாராயணின் வாதம் 'நிரூபணம்' என்ற இடத்திலிருந்து 'பலமான சாட்சி' என்ற இடத்துக்கு இறங்கியது இதனால்தான்.

ஒளி கைவிட்ட இடத்தில் கேட்பது கைகொடுத்தது. பட்டறையில் புது கிரைண்டிங் வீலை மாட்டுவதற்கு முன் 'ரிங் டெஸ்ட்' செய்வோம். சாணைக்கல்லை விரலிலோ கம்பியிலோ தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் லேசாகத் தட்டவேண்டும். கணீரென்றால் நல்ல கல். மொத்தென்றால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது சொல்லும். தட்டிய விதத்தைப் பொறுத்ததில்லை அந்த நாதம். கல்லின் அளவையும் உள்நலத்தையும் பொறுத்தது.

பெங்களூரில் 1938-ல் பிறந்த சி. வி. விஷ்வேஸ்வரா கருந்துளைக்குச் செய்தது கிட்டத்தட்ட இந்த டெஸ்ட்தான். அமெரிக்காவில் மேரிலாந்தில் மிஸ்னரிடம் ஆய்வு செய்தவர். முதலில் அவர் கேட்டது, ஷ்வார்ஸ்சில்ட் தீர்வு நிலையானதா என்று. லேசாகத் தட்டினால் சிதறிப் போகும் என்றால் அது கணக்கில் மட்டும் இருக்கலாம், இயற்கையில் நிற்காது. பொருளா கணக்கா என்ற கேள்விக்கு இதைவிட நேரான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. சிதறாது என்று காட்டினார். பிறகு, ஈர்ப்பு அலை ஒன்றை அதன்மேல் ஏவினால் என்ன திரும்பி வரும் என்று கணிப்பொறியில் போட்டுப் பார்த்தார். அகலமான அலையை ஏவியபோது ஒன்றும் விசேஷமில்லை. அலையைக் குறுக்கிக்கொண்டே வந்தபோது, திரும்பி வந்ததில் ஒரு நாதம் தெரிந்தது. சீக்கிரம் அடங்கிவிடும் நாதம். ஏவிய அலையின் சாயல் அதில் இல்லை. கருந்துளையின் எடை மட்டும்தான் அதில் இருந்தது. 1970-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. 1975-ல் அந்த நாதங்களை டெட்வைலரோடு சேர்ந்து துல்லியமாகக் கணக்கிட்டவர் வேறு யாருமில்லை, 1935-ல் எடிங்டனிடம் இடிபட்ட அதே சந்திரசேகர்.

விஷ்வேஸ்வரா இந்தியா திரும்பி, பெங்களூரு நேரு கோளரங்கத்தின் நிறுவன இயக்குநரானார். நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை வேனில் அழைத்துப் போகிறார்களே, அதே கோளரங்கம். அதை அமைத்தவர் யார் என்று அந்த வேனில் யாரும் சொல்வதில்லை என்பது தனி வருத்தம்.

2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகளில் முதல் அலை விழுந்தது. சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் எடையுள்ள இரண்டு பொருள்கள் மோதி 62 மடங்காகின; மிச்சம் மூன்று சூரிய எடை அலையாகவே போனது. மோதுவதற்குச் சற்று முன் அவை விநாடிக்கு 75 முறை ஒன்றையொன்று சுற்றின. அந்த எடைக்கு அந்த வேகத்தில் சுற்றவேண்டுமென்றால் இடைவெளி சுமார் 350 கிலோமீட்டர்தான் இருக்க முடியும். ஓசூரிலிருந்து சென்னை போய்ச் சேரும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அதற்குள் அறுபத்தைந்து சூரியன்கள். எஸ்2 விட்டுவைத்த காலியிடம் இங்கே இல்லை. கருந்துளைகளாக இருந்தாலே அவற்றின் ஆரங்கள் சேர்ந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டரை அடைத்துவிடும். மோதி முடிந்ததும் சுமார் 250 ஹெர்ட்ஸில் ஒரு நாதம், சில மில்லி விநாடியில் அடங்கியது. விஷ்வேஸ்வரா அதைக் கேட்டுவிட்டு, 2017 ஜனவரியில் காலமானார்.

இங்கே ஆதரவாளர்கள் அவசரப்படுகிறார்கள். 'எல்லை ஒலித்தது, நிரூபணமாகிவிட்டது' என்று எழுதுகிறார்கள். ஒலித்தது எல்லை இல்லை. அந்த நாதம் பிறக்கும் இடம், ஒளியே வட்டமடித்துச் சுற்றக்கூடிய ஆரம். சுழலாத கருந்துளையில் அது எல்லையைப்போல் ஒன்றரை மடங்கு. ஆமாம், ஐன்ஸ்டைன் 1939-ல் 'இதற்குமேல் போக முடியாது' என்று நின்ற அதே இடம். 2016-ல் கார்டோசோவும் கூட்டாளிகளும் இதைக் கணக்கோடு எடுத்துச் சொன்னார்கள்: அந்த ஆரத்துக்குள் அடங்கிய எந்தப் பொருளும், எல்லை இல்லாவிட்டாலும்கூட, முதலில் இதே மாதிரிதான் ஒலிக்கும். வித்தியாசம் பின்னால் வரும். உள்ளே தரை ஏதாவது இருந்தால் நாதம் அதில் பட்டுத் திரும்பி, விட்டுவிட்டு எதிரொலியாகக் கேட்கும். அப்படி எதிரொலி கேட்டதாக ஒரு குழு அதே ஆண்டு அறிவித்தது. மற்றவர்கள் அதே தரவை அலசியபோது அது இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியாததாகப் போனது.

மறுப்பாளர்கள் செய்திருக்க வேண்டிய வேலை இது என்பதுதான் என் முக்கியமான குறை. முடிவில்லாமல் சரியும் பொருள் என்று சொன்னால் போதாது. அதைத் தட்டினால் எந்தச் சுருதியில் ஒலிக்கும், எத்தனை மில்லி விநாடியில் அடங்கும், எதிரொலி எப்போது வரும் என்று எண்ணைக் கொடுக்க வேண்டும். கேட்க ஒரு கருவியும் இல்லாத காலத்தில் விஷ்வேஸ்வரா அதைச் செய்தார்.

எண்ணைக் கொடுத்துச் சோதிக்கிற வேலை இப்போது எங்களுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. பெங்களூரு ஐசிடிஎஸ் நிறுவனத்தில் பி. அஜித்தும் கூட்டாளிகளும் அமைத்த ஒரு சோதனையில், அலையின் முன்பாதியை மட்டும் வைத்து மிச்சப் பொருளின் எடையையும் சுழற்சியையும் கணிக்கிறார்கள்; பின்பாதியை மட்டும் வைத்துத் தனியாகக் கணிக்கிறார்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஐன்ஸ்டைன் கோட்பாட்டில் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். 2015-ன் அலையில் ஒத்துவந்தது. 2025 ஜனவரி 14 அன்று வந்த அலை அதைவிட மூன்று மடங்கு தெளிவானது. அதில் ஒன்றல்ல, இரண்டு நாதங்கள் பிரிந்து கேட்டன. இரண்டும் சுழலும் கருந்துளைக்கான கணக்கோடு பொருந்தின. மோதலுக்கு முன் இரண்டின் பரப்பும் சேர்ந்து சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர். மோதிய பின் சுமார் 4,00,000. தமிழ்நாட்டைப்போல் மூன்று மடங்கு. மொத்தப் பரப்பு ஒருபோதும் குறையாது என்று ஹாக்கிங் 1971-ல் சொன்னது இப்படித்தான் சரிபார்க்கப்பட்டது. பரப்பை அளந்து, கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கிற அளவுக்கு வந்துவிட்ட ஒன்றை 'கருத்து' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே சமயம், கருந்துளையைப் பற்றி எழுதப்படுவதில் எவ்வளவு இன்னும் வெறும் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடுவில் 'எல்லையற்ற அடர்த்தியுள்ள புள்ளி' இருக்கிறது என்று நம் அறிவியல் கட்டுரைகள் ஏதோ போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி எழுதுகின்றன. அது பொருள் இல்லை. கோட்பாடு தன்னால் இதற்குமேல் முடியாது என்று கைவிரிக்கும் இடம். மறுப்பவர்கள் அந்தப் புள்ளியைக் காட்டி 'பார், எவ்வளவு அபத்தம்' என்று முழுப் பொருளையும் தூக்கி எறிகிறார்கள். ஆதரவாளர்கள் முழுப் பொருளுக்குக் கிடைத்த சாட்சியைக் காட்டி அந்தப் புள்ளியையும் சேர்த்து நம்பச் சொல்கிறார்கள். இரண்டு பேரும் செய்வது ஒரே தாவல், திசைதான் வேறு. கண்டிப்பான அர்த்தத்தில் 'நிகழ்வு எல்லை' என்பதும் இப்படித்தான். எங்கிருந்து ஒளி என்றைக்குமே தப்பாது என்பதுதான் அதன் வரையறை. 'என்றைக்குமே' என்பதைச் சோதிக்க எதிர்காலம் முழுவதையும் பார்த்து முடித்திருக்க வேண்டும். எந்தக் கருவியாலும் அது ஆகாது. 2014-ல் ஹாக்கிங் கைவைத்தது இந்தச் சொல்லில்தான்.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம்87 படத்தையும் 'கருந்துளையின் போட்டோ' என்றே எழுதினார்கள். 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலையில், பல கண்டங்களிலிருந்த தொலைநோக்கிகள் சேர்ந்து எடுத்த தரவிலிருந்து கட்டிய படம் அது. ஆரஞ்சு நிறம் நாம் பூசியது. நடுவில் தெரியும் இருட்டு எல்லை இல்லை. எல்லையைவிட இரண்டரை மடங்கு பெரிய நிழல். ஆனாலும் அந்த நிழலின் அளவு கணக்கிட்டபடியே வந்தது. 2022-ல் நம் பால்வீதி மையத்தின் படம் வந்தபோது, அங்கே எஸ்2 விட்டுவைத்த காலியிடத்தில் பெரும்பகுதி மூடிவிட்டது.

தம்பிக்கு நான் சொன்ன பதிலில் இதெல்லாம் இல்லை. சந்திரசேகர் 1983-ல் கருந்துளைகளின் கணிதம் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். கருந்துளை என்பது வெளியையும் காலத்தையும் மட்டுமே வைத்துக் கட்டப்பட்டது என்பது அதன் தொடக்கத்திலேயே அவர் சொல்லும் கருத்து. விழுந்தது இரும்பா, வாயுவா, என்ன என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. எடையும் சுழற்சியும், மின்னூட்டம் இருந்தால் அதுவும், அவ்வளவுதான் மிச்சம். அப்படிப்பட்ட ஒன்றில் பொருள் எங்கே முடிகிறது, கணக்கு எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவது கஷ்டம் என்றேன். "அப்ப தட்டுனா சத்தம் வரும்ங்கிறீங்க, தொடத்தான் முடியாதுங்கிறீங்க" என்றான். ஆமாம் என்றேன். சத்தம் முடிந்தபிறகு எதிரொலி வருகிறதா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை வந்த அலைகளில் உறுதியாகச் சொல்லும்படி ஒன்றும் கேட்கவில்லை.